நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னக் கிறிஸ்தவ ஆசிரமத்தில் வேதத்தின் பழைய மொழிகளைக் கற்றுக்கொடுத்துவந்தார் இஞ்ஞாசி சாமி. அவரிடம் அரமேயம் படித்த சூசைநாதன் வயதில் குருவைவிட நன்றாகவே மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் ஆசிரமத்தில் எல்லோரும் அவரை சார் என்றே கூப்பிட்டார்கள். குருவும் அப்படித்தான் கூப்பிட்டார். சிஷ்யனை சார் போட்டு அழைத்த குரு வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது.

சூசைநாதனின் முடி முதுகில் புரண்டது. தாடி நெஞ்சை மறைத்தது. புதிதாக வருகிறவர்கள் அவரைத்தான் குரு என்று நினைத்துக் கும்பிடுவார்கள். பார்த்தால் துறவுக்கோலம். உண்மையில் அது கோபம்.

ஒரு கீற்றுக்கொட்டகையில் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மூன்று மாடிக் கட்டடமாக வளர்ந்திருந்தது. அவர் ஓய்வுபெற்ற நாளில் பெரிய விழா எடுத்தார்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் குறைவில்லை. கடைசியாக நன்றியுரை சொல்ல வந்தவர் பெர்க்மான்ஸ் என்ற இளைய ஆசிரியர். பந்தல் போட்டவர், மைக்செட் கட்டியவர், டீ கொடுத்தவர் என்று ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னார். சூசைநாதன் பெயர் மட்டும் விட்டுப்போனது. விழாவே அவருக்காகத்தானே என்ற நினைப்பில் மறந்துவிட்டார், பாவம்.

மறதிதான் என்று சூசைநாதனுக்கும் தெரியும். ஆனாலும் தாங்கவில்லை. அந்த மேடையில் தன் பெயரைச் சொல்லும்வரை தலையில் கத்தரி படாது என்று சபதம் போட்டார். மனைவி முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. இயேசு பேசிய மொழியையாவது படிப்போம் என்று ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். முடியும் கூடவே வந்தது. வந்த அன்றைக்கே நன்றியுரைக் கதை முழுவதையும் குருவிடம் கொட்டிவிட்டார்.

ஒருநாள் பெர்க்மான்ஸ் தட்டு நிறையப் பழத்தோடு வந்து நின்றார். இப்போது அவர்தான் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா என்றார். சாரின் முடியைப் பார்த்து உருகிப்போய், "முழுச் சாமியாராவே ஆயிட்டீங்களே, சார்" என்று கைகூப்பினார். பிறகு, வெள்ளிவிழாவில் சார்தான் நன்றியுரை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சூசைநாதன் சரி என்றார். பெர்க்மான்ஸ் போன பிறகு ஆத்திரம் வந்தது. இப்போதும் ஊரார் பெயரையெல்லாம் தான் சொல்ல வேண்டும், தன் பெயரை யார் சொல்வது? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தானே சொல்லிவிடுவது. இந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்தது என்னால் என்று மேடையிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும். தொடக்கத்துக்குக் கம்பீரமாக ஓர் அரமேயச் சொல் வேண்டியிருந்தது.

குருவிடம் போனார்.

"சாமி, ரெபான்னு ஒரு சொல் வருதே. மகத்துவம் அடைஞ்சான்னு அதுக்கு அர்த்தம் சொல்லலாமா?"

"எங்கெல்லாம் வருதுன்னு பாத்துட்டு வாங்க, சார்."

சூசைநாதன் வேதத்தைப் புரட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை வந்தார். பாபிலோன் ராஜா கண்ட கனவில் ஒரு மரம் வானத்தை முட்ட வளர்கிறது, அங்கே இந்தச் சொல் வருகிறது என்றார். அந்த மரம் நீதான், நீதான் இப்படி வளர்ந்திருக்கிறாய் என்று ராஜாவிடம் சொல்லும்போதும் இதே சொல்தான் என்றார். சொல்லும்போதே அவர் குரல் மேடைக்குப் போய்விட்டது.

"அவ்வளவுதானா?"

"இன்னொரு இடம் இருக்கு, சாமி. அது சாதாரணம்."

"சொல்லுங்க."

"எல்லாத்தையும் நானே கட்டினேன்னு ராஜா மார்தட்டினான். அந்த நிமிஷமே புத்தி பேதலிச்சு, மாட்டோட மாடாப் புல்லு மேய்ஞ்சான். அப்ப அவன் முடி கழுகு இறகு மாதிரி வளந்துச்சாம். அதுக்கும் ரெபாதான்."

"அதை ஏன் விட்டீங்க?"

"மேடையில சொன்னா நல்லா இருக்காது."

குரு சிரித்தார். எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

ஆசிரமத்தில் சனிக்கிழமை முடிவெட்டும் நாள். வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. கிணற்றடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒருவர் தலையை ஒருவர் வெட்டிவிடுவார்கள். சூசைநாதன் நன்றாகவே வெட்டுவார். அந்த ஸ்டூலில் அவர் உட்கார்ந்ததுதான் கிடையாது.

குரு ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரியை நீட்டினார். சூசைநாதன் வெட்டத் தொடங்கினார். குரு மடியில் விழுந்த முடியில் கொஞ்சத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது வளந்தப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன், சார்?"

"எங்களுக்குப் பாடம் நடத்துனீங்க."

"தூங்கினப்ப?"

"அப்பவும் வளந்திருக்கும்."

"உங்க பள்ளிக்கூடம்?"

கத்தரி நின்றது. சூசைநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது மயிர் மாதிரி தானாக வளரவில்லை, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் ஓடாய்த் தேய்ந்தேன் என்று படபடவென்று சொன்னார். குரு தலையைத் திருப்பாமல் முழுவதையும் கேட்டார்.

"உண்மைதான். நீங்க உழைச்சீங்க. நீங்க படுத்திருந்தப்ப?"

சூசைநாதனுக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் கிடந்தார். புயல் கொட்டகையின் கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, எல்லாம் போச்சு என்று போர்வைக்குள் அழுதார். காய்ச்சல் விட்டுப் போய்ப் பார்த்தால் கொட்டகைக்குப் புதுக்கூரை போட்டிருந்தது. பிள்ளைகள் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத் தெருவில் இருந்த அந்தோணியம்மாளும் மற்றப் பெண்களும் கீற்றுப் பின்னிக் கொடுத்திருந்தார்கள். தன் வைக்கோல்போர் நனைவதைப் பார்த்துக்கொண்டே கூரையில் ஏறி வேய்ந்தவர் சின்னக்கருப்பன். அவர் மகன் அந்தப் பள்ளியில் படிக்கக்கூட இல்லை.

சூசைநாதன் அன்றைக்கு அவர்களிடம் என்ன சொன்னார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை போலிருக்கிறது. நேராக உள்ளே போய்ப் பாடத்தை ஆரம்பித்திருப்பார்.

குருவின் முடியை வெட்டி முடித்தார். பிடரியைத் தட்டிவிட்டார். குரு எழுந்ததும் காலியான ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் இன்னும் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. சபதம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாக அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"வெட்டுங்க, சாமி."

"நிசமாவா?"

"வெட்டுங்க."

முதல் கற்றை விழுந்தது. விழுந்த முடியைப் பார்த்துக்கொண்டே சூசைநாதன் பேசத் தொடங்கினார்.

"நிலம் கொடுத்தது காசிம் ராவுத்தர், சாமி. கட்டடத் திறப்புவிழாவுக்கு அவரைக் கூப்பிடவே மறந்துட்டேன். அவரா வந்தாரு, ஒரு அண்டா பிரியாணியோட. பிள்ளைக பசியாற வேணாமா சார்னு கேட்டாரே தவிர, ஏன் கூப்பிடலைன்னு கேக்கலை."

குரு வெட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் பேச்சில் அந்தோணியம்மாள் வந்தார். சின்னக்கருப்பன் வந்தார். புதுச் சிமெண்ட் சுவர் காய்ந்து வெடிக்காமலிருக்க, பிள்ளைகளைப் பள்ளியில் விட வரும்போது ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன தாய்மார்கள் வந்தார்கள். சம்பளம் தாமதமானபோது ஒருநாள்கூட மட்டம் போடாத ஸ்டெல்லா டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் அடிக்க இரவலாக வந்து அப்படியே தங்கிவிட்ட கோயில் மணி வந்தது. பாடத்தின் நடுவே எழுந்து, சார் நீங்க போட்ட கணக்கு தப்பு என்று சொன்ன மாரிமுத்துவும் வந்தான். அவன் சொன்னதுதான் சரி. பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சூசைநாதனுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. அது வருத்தத்தில் வந்த கண்ணீர் இல்லை. இத்தனை பேர் தனக்கு இருந்திருக்கிறார்களே என்ற சந்தோஷம் அவருக்குத் தாளவில்லை.

தலை லேசானது. காற்று பிடரியில் பட்டது. தாடியும் போனபோது பழைய தலைமையாசிரியரின் முகம் வெளியே வந்தது, கொஞ்சம் வெளுத்து.

"எல்லார் பேரையும் சொல்லிட்டேன், சாமி. மேடையிலயும் இதையே சொல்லிடறேன்."

"ஒரு பேர் விட்டுப்போச்சு, சார்."

சூசைநாதன் சிரித்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"என் பேரா? அது வேணாம், சாமி. மனசாரத்தான் சொல்றேன்."

"உங்க பேர் இல்லை. உங்க பேரை விட்டாரே, அவர் பேர்."

"பெர்க்மான்ஸா? அவருக்கு எதுக்கு?"

குரு துண்டை உதறினார். குனிந்து, சூசைநாதனின் தோளில் ஒட்டியிருந்த முடியை ஊதிவிட்டார்.

"நான் தினம் பூசையில அவர் பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், சார். அன்னிக்கு அவர் மறக்கலைன்னா நீங்க எனக்குக் கிடைச்சிருப்பீங்களா?"