மூங்கிலேரிக்கு யானை போட்ட மண்

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் வாய்விட்டுப் பேசி, தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொண்ட காலத்தில், மலையடிவாரக் காடு ஒன்றில் மூங்கிலேரி என்று ஓர் ஏரி இருந்தது. அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் தண்ணீர். ஏரி நிறைந்தால் கோடையைத் தாண்டிவிடலாம். கரை உடைந்தால் காடே நாக்கு வறண்டு கிடக்க வேண்டியதுதான்.

அந்த ஏரியால் அதிகம் வாழ்ந்தவன் கொம்பையன் என்ற யானை. குடிப்பதும் அவன்தான் அதிகம், குளிப்பதும் அவன்தான் அதிகம். ஏரி ஈரத்தில் வளர்ந்த மூங்கிலில் பாதிக்குமேல் அவன் வயிற்றுக்குள்தான் போனது. கெட்டவன் என்று சொல்ல முடியாது. வழியில் எறும்புப் புற்று இருந்தால் சுற்றிக்கொண்டு போவான். ஆனால் தனக்குக் கிடைத்ததெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைப்பான். வயிறு நிறைந்தவர்களுக்கு வழக்கமாக வருகிற நினைப்புதான், யானையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மழைக்காலத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து கரைக்கு மண் போடுவது காட்டு வழக்கம். தலைக்கட்டுக்கு, நாள்தோறும், ஒரு சுரைக்குடுக்கை மண். யானையானாலும் குருவியானாலும் அதே குடுக்கைதான். கொம்பையன் விடிந்ததும் வருவான், தும்பிக்கையால் ஒரு அள்ளு அள்ளுவான், குடுக்கை நிறைந்து வழியும். அப்புறம் மூங்கில் பக்கம் நடையைக் கட்டிவிடுவான்.

கரையடியில் ஒரு முட்புதரில் மருதாயி என்ற தவிட்டுக்குருவி குஞ்சு பொரித்திருந்தாள். அவள் அலகால் மண்ணைக் கொத்திக் கொத்திக் குடுக்கையை நிரப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கடைக்குட்டிக்குக் கத்தவும் தெம்பில்லாமல் போன அன்று, மருதாயி கொம்பையனை வழிமறித்தாள்.

"அண்ணே, இந்தக் குடுக்கை வழக்கத்தை மாத்தணும்னு நாட்டாமைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

"ஏன் தங்கச்சி? எல்லாருக்கும் ஒரே அளவு. இதைவிட நியாயம் எங்க இருக்கு?"

"அளவு ஒண்ணுதான், படுற பாடு ஒண்ணா? உங்களுக்கு அது ஒரு மூச்சு. எனக்கு ஒரு நாள் பொழப்பு."

"சரி, அவங்கவங்க உடம்புக்கு முடிஞ்ச மட்டும் ஆளுக்கு அரைநாள் மண் போடணும்னு வச்சுட்டா?"

"அதுவும் சரியா வராது அண்ணே. என் அரைநாள் போனா என் புள்ளைங்களுக்கு இரை போச்சு. உங்க அரைநாள் போனா தொப்பை கொஞ்சம் வாடும், அவ்வளவுதான்."

கொம்பையனுக்குச் சுருக்கென்றது. "நான் பெருசாப் பொறந்தது என் குத்தமா? இது நான் தேடித் தின்னு வளத்த உடம்பு."

"குத்தம்னு யாரு சொன்னா? ஆனா தின்ன மூங்கிலை வளத்தது இந்தத் தண்ணிதானே. கரை போச்சுன்னா எனக்குப் புல்லுல இருக்கிற பனித்துளி போதும். உங்களுக்கு?"

உண்மையைக் கேட்டால் கோபம் வருவது உலக வழக்கம். கொம்பையன் காதை விசிறிக்கொண்டு போய்விட்டான். மருதாயி தானே நாட்டாமைக் கடமானிடம் போய் முறையிட்டாள். நாட்டாமை மூங்கில் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. யானையைப் பகைத்துக்கொண்டு எந்த மானால் காட்டில் குப்பை கொட்ட முடியும்? "பழைய வழக்கம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டது.

மழை வந்தது. மலையில் பெய்ததெல்லாம் ஏரிக்கே வந்து சேர்ந்தது. குடுக்கை குடுக்கையாகப் போட்ட கரை எவ்வளவு உயரம் இருக்கும்? முட்புதருக்குச் சற்றுத் தள்ளி தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்தது. பிறகு அரித்தது. பிறகு பெரிய சத்தத்தோடு உடைத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் குடுக்கையும் கையுமாக ஓடிவந்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்டதுபோல, கொட்டிய மண் போன இடம் தெரியவில்லை. கொம்பையனும் வந்து நின்றான். கீழே புதரைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டுக்குள் கத்தின. மருதாயி அழவில்லை. அலகில் ஒரு பொட்டு மண்ணோடு உடைப்புக்கும் கரைக்கும் பறந்துகொண்டிருந்தாள்.

அதைப் பார்த்தபோது கொம்பையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இதுவரை என்ன செய்தோம் என்று நினைத்தான். அதற்குமேல் யோசிக்கவில்லை. இறங்கி, உடைப்புக்குக் குறுக்கே அப்படியே படுத்துவிட்டான்.

ஏரி முழுவதும் அவன் விலாவில் மோதியது. முதுகுக்கு மேலும் தண்ணீர் வழிந்தது. தும்பிக்கையை நீட்டிக் கரையோர மேட்டு மண்ணை வாரினான். வழியும் தண்ணீரை மறிக்கத் தன் தலையில் போட்டான். மறுபடி வாரினான், கழுத்தில் போட்டான், முதுகில் போட்டான். ஒரு வாரலுக்கு நூறு குடுக்கை மண் வந்தது. காட்டெருமைகள் அவனுக்குப் பின்னால் மண்ணைத் தள்ளி மிதித்தன. வேலை செய்தால் உடம்பு வலிக்கும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னால் மண் இறுகிக் கரை நின்ற பிறகே எழுந்து வந்தான். தண்ணீர் கூட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றிருந்தது.

அன்றைக்கே கொம்பையன் சபையைக் கூட்டச் சொன்னான்.

"அந்தக் குடுக்கையை உடைச்சுப் போடுங்க. புள்ளைக்கு இரை தேடுற நேரத்துல கரைக்குப் பங்கு கிடையாது. அதுக்கு மேல மிச்சம் உள்ளவங்க மண் போடட்டும். மிச்சம் ஏற ஏறப் பங்கும் ஏறட்டும். இந்தக் காட்டுல எல்லாரையும்விட எனக்குத்தான் மிச்சம் அதிகம்."

ஒரு காட்டெருமை முனகியது. "அப்படின்னா பெருசா வளர யாருக்குங்க மனசு வரும்?"

"நல்லாப் பாருப்பா" என்றான் கொம்பையன். "இன்னிக்கு இத்தனை மண் போட்டேனே, ஒரு சுத்தாவது எளைச்சிருக்கேனா?"

காடே சிரித்தது. காட்டெருமைக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் கொம்பையன் கரைக்குப் போனபோது, குஞ்சுகளுக்கு இரை ஊட்டிவிட்டு மருதாயி மண் கொண்டுவந்தாள். "நீ போ தங்கச்சி, உன் பங்கையும் நானே போட்டுடறேன்" என்றான்.

"வேணாம் அண்ணே. நாலு கொத்துதான், ஆனா அது என் மண்ணு. அதைப் போட்டாத்தான் இந்தத் தண்ணியை நான் தலை நிமிந்து குடிக்க முடியும்."

கொம்பையன் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான். அவள் நாலு கொத்து வைத்துவிட்டுப் பறந்தாள். அவன் பொழுது சாயும்வரை வாரிக்கொண்டே இருந்தான்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறது என்று மனிதர்கள் ஏளனமாகச் சொல்வார்கள். மூங்கிலேரியில் நடந்தது தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்று முதல்தான், வயிறாரக் குடித்து ஆசைதீரக் குளித்துக் கரையேறும் யானை, யாரும் கேட்காமலே மண்ணை வாரி முதலில் தன் தலையில் போட்டுக்கொள்கிறது.