இரண்டு மணிக் கையெழுத்து

முதலில், கையுறைகளைப் பீரோவில் பூட்டிவிட்டு, பயிற்சி மாணவி பூவாயியை வெறுங்கையால் சீழ் துடைக்கச் சொன்னார்கள். இரண்டாவதாக, தலைமை நர்ஸ் வசுந்தரா தேவியின் டிபன் கேரியரைக் கழுவச் சொன்னார்கள். மூன்றாவதாக, முதுகெலும்பு முறிந்து கிடந்த சுமைதூக்கும் தொழிலாளி அந்தோணிமுத்துவுக்கு வந்த படுக்கைப்புண்ணின் பழியையும் அவள் தலையில் கட்டினார்கள்.

காலை பதினோரு மணிக்கு, வார்டே பார்க்க விசாரணை நடந்தது.

"ரெண்டு மணிக்கொரு தடவை நானே இவரைத் திருப்பிப் படுக்கவெச்சு அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கேன். நீதான் ஈர விரிப்பை மாத்தாம விட்டே. மன்னிப்பு எழுது, இல்லேன்னா பெட்டியைக் கட்டு" என்று சீறினார் வசுந்தரா.

பூவாயி தலைகுனிந்தாள். "எழுதறேன் மேடம். உங்க மேல தப்பில்லேன்னும் சேர்த்து எழுதறேன். இன்னிக்கு எப்பெப்பத் திருப்பினீங்கன்னு சத்தமாப் படிங்க."

வசுந்தராவுக்கு உச்சி குளிர்ந்தது. "காலை ஆறு மணி, இடப்பக்கம். எட்டு, வலப்பக்கம். பத்து, மல்லாக்க. பன்னிரண்டு, இடப்பக்கம். ரெண்டு..."

அத்தனை தலையும் சுவர்க் கடிகாரத்தை நோக்கித் திரும்பியது. காலையிலேயே அந்திவரைக்கும் கையெழுத்திட்டு முடிப்பது அந்த வார்டின் வழக்கம். தொழிலாளியின் முதுகு அழுகும். கடமை மட்டும் நாற்காலியில் இருந்தபடியே நடக்கும்.

"அடேயப்பா! இன்னும் வராத ரெண்டு மணிக்கே என்னைத் திருப்பிட்டீங்களாம்மா?" என்றார் அந்தோணிமுத்து.

"கையெழுத்து யாருதுன்னும் படிங்க மேடம்" என்றாள் பூவாயி.

வசுந்தரா அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கட்டிலருகே நின்ற அந்தோணிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம், தொழிற்சங்கப் படிப்பகத்தில் எழுத்துக் கூட்டப் பழகியவள், அட்டையைப் பிடுங்கினாள். கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி வாசித்தாள்:

"வ-சுந்-த-ரா தேவி."