மிச்சக் கஷாயம்

தாமரைக் குளத்தின் மேட்டுக்கரையில் கரடியார் ஓர் ஆஸ்பத்திரி நடத்தி வந்தார். முள் குத்திய முயல், கொம்பு முட்டிய மான், காது கிழிந்த பன்றி எல்லாம் அங்கேதான் வரும். எல்லோருக்கும் ஒரே மருந்துதான். மஞ்சவேர்க் கஷாயம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு! ஆனால் எப்பேர்ப்பட்ட சீழ்ப் புண்ணும் நாலே நாளில் காய்ந்துவிடும்.

அங்கே பானை கழுவும் வேலை நீர்நாய் கயலியுடையது. தினமும் மிச்சக் கஷாயத்தையும் புண் கழுவிய தண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்துக் குளத்தில் ஊற்றுவாள். ஊற்றும்போது, "குளத்துப் பிள்ளைகளே, நோய் நொடி இல்லாம இருங்க!" என்று வாழ்த்துவாள். அது கரடியார் ஏற்படுத்திய வழக்கம். மருந்தை மண்ணில் கொட்டினால் பாவம், குளத்தில் ஊற்றினால் புண்ணியம் என்பது அவர் கட்சி. கயலிக்கும் அதில் பெருமைதான். நல்ல மனசுக்காரி. நல்ல மனசு மட்டும் இருந்தால் போதுமா?

கயலிக்குத் துள்ளி என்று ஒரு குட்டி. ஒரு நாள் அது குளத்தில் குதித்து விளையாடும்போது சிப்பி கிழித்துக் காலில் காயம் பட்டது. "இதென்ன பெரிய காயம்!" என்று கயலி கஷாயத்தால் கழுவி, குடிக்கவும் கொடுத்தாள். நாலு நாள் ஆயிற்று. காயவில்லை. ஆறாம் நாள் கால் வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. மீனைக் கண்டாலே குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வைத்தியரே, பிள்ளைக்கு மருந்து கேக்கவே மாட்டேங்குது!"

"இன்னும் ரெண்டு கிண்ணம் குடும்மா!"

கொடுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. கயலி துள்ளியை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே கிடத்தி, ராப்பகலாய்க் காவல் இருந்தாள்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு மான் இருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. துள்ளிக்குப் பிறகு சேர்ந்து, அதே கஷாயம் குடித்து, நாலே நாளில் எழுந்து நின்றது.

"மானக்கா, உங்களுக்கு எங்க அடிபட்டுச்சு?"

"எங்க சுனைக்கரைப் பாறையில. இந்தக் குளத்துல நான் கால் நனைச்சதே இல்ல!"

கயலி சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். புண் ஆறாமல் கிடந்த தவளை, நீர்க்கோழி, சாரைப்பாம்பு எல்லாருக்கும் குளத்தில்தான் அடிபட்டிருந்தது. அவள் தினமும் தண்ணீர் ஊற்றும் கல்லுக்கு ஓடினாள். வழவழவென்று பாசி பிடித்திருந்த அந்தக் கல்லில் கசமுசவென்று ஏதோ பேச்சுச் சத்தம். காதை வைத்தாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கிருமிகளும் அப்படித்தான். அடங்காத பேச்சு!

"இன்னிக்குக் கஷாயம் இன்னும் வரலையே!"

"வரும், வரும்! கயலியம்மா ஒரு நாளும் மறந்ததில்ல!"

"மொதல்ல ஒரு மடக்குக்கே நம்ம ஆளுங்க பாதிப் பேர் செத்தாங்களே!"

"செத்தவன் செத்தான். தாங்கினவன் பெருகினான். தாங்குற வித்தைய அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் குடுத்தான். இப்ப நமக்கு அது கருப்பட்டிக் காப்பி! கரடியார் வாழ்க! நமக்குப் படியளக்குற மவராசன்!"

கயலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊத்தின தண்ணிதானா என் பிள்ளை காலைத் தின்னுது!" என்று வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து நேரே கரடியாரிடம் போய், கேட்டதையெல்லாம் சொன்னாள்.

கரடியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மருந்து எப்படிம்மா கெடுதல் பண்ணும்?"

"நாம பாம்புக்குப் பால் வார்த்திருக்கோம், வைத்தியரே!"

"நடுவுல என்னை ஏன் இழுக்குறீங்க?" என்றது மூலையில் கிடந்த சாரைப்பாம்பு. "எனக்கும் பத்து நாளா வால் ஆறல. அந்தம்மா சொல்றதக் கேளுங்க!"

கரடியார் முணுமுணுத்துக்கொண்டே வந்து கல்லில் காதை வைத்தார். 'கரடியார் வாழ்க!' என்ற கோஷம் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது. திரும்பிப் போய், ஒரு சின்னப் பானையோடு வந்தார்.

"உச்சிப் பாறைக் கல்பாசி. இந்த மருந்து இன்னும் குளத்தையே பாத்ததில்ல. கைப்பிடிதான் இருக்கு. இதுக்கும் அதுங்க பழகிட்டா, அப்புறம் என்கிட்ட எதுவும் இல்லம்மா."

மூன்றாம் நாள் துள்ளியின் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள், "அம்மா, கெண்டை மீன் வேணும்!" என்றது. கயலி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

கல்பாசிப் பானை கழுவ வந்தது. அடியில் கொஞ்சம் மருந்து ஒட்டியிருந்தது. தவளைகள் கரையில் கூடிவிட்டன.

"கயலியக்கா, அந்த நல்ல மருந்தையும் ஊத்துங்க! எங்க பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும்!"

பழகிய கை தானாகக் குளத்துப் பக்கம் சாய்ந்தது. கயலி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"உங்க பிள்ளைகள் நல்லா இருக்கணும்னுதான் ஊத்தமாட்டேன்!"

பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனாள். குளத்துக்கு எட்டாத தூரத்தில் ஒரு பாறைக்குழி இருந்தது. பன்றிகள் அதைச் சுற்றி மண் அணைத்தன. கரடியார் நத்தை ஓடுகளைச் சுட்டு, கிருமி சாகச் சுண்ணாம்பு போட்டார். அன்றுமுதல் ஆஸ்பத்திரித் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அந்தக் குழிக்குத்தான் போயிற்று. வெயில் அதைக் குடித்தது. மழைக்காலத்தில் மேலே ஓலைக் கூரை போட்டார்கள்.

கஷாயம் வராததால் கல்லில் கோஷம் குறைந்தது. மலைவெள்ளம் இரண்டு தடவை குளத்தை அலசிக்கொண்டு போனது. கசப்பைத் தாங்கும் வித்தைக்கு அங்கே வேலை இல்லாமல் போக, அதைச் சுமந்த கிருமிகளைச் சாதாரணக் கிருமிகள் நெருக்கித் தள்ளின. அடுத்த வருஷம் குளத்தில் காயம்பட்ட ஒரு தவளைக்கு மஞ்சவேர்க் கஷாயமே கேட்டது. முன்போல் நாலு நாளில் இல்லை, ஏழு நாளில். ஆனாலும் கேட்டது!

கயலி இப்போதும் மேட்டுக்குழியில் தண்ணீர் ஊற்றும்போது குளத்தைப் பார்த்து வாழ்த்துகிறாள். "குளத்துப் பிள்ளைகளே, நோய் நொடி இல்லாம இருங்க!"

நோய் தீர்க்கும் மருந்தே ஆனாலும், அதன் மிச்சத்தை ஊர்த் தண்ணீரில் கலந்தால் அது நோய்க்குத்தான் பலம் சேர்க்கும்.