அக்கரைப் புல்

நறுக், நறுக், தூ! நறுக், நறுக், தூ!

ஓடைக்கு அக்கரையிலிருந்து சத்தம் வந்தது. ஈச்சம்புதருக்கடியில் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த மொட்டைவால் முயல் காதை நிமிர்த்தியது. கடிப்பது சரி, துப்புவது எதற்கு?

அக்கரையில் முயல்களின் புதுக் குடியிருப்பு. வரிசையாக ஒரே மாதிரி வளைகள், வாசலுக்கு வாசல் பச்சைப் புல். மொட்டைவாலின் மச்சான் நெட்டைக்காது அங்கேதான் இருந்தது. "வாசல் பூரா புல்லு, மாப்பிள்ளை! ஒரு வளை காலியாகுது, குடும்பத்தோட வந்துடு!" என்று சொல்லி அனுப்பியிருந்தது.

இக்கரையில் புல் கருகிக் கிடந்தது. அதனால் தன் வளையை முள்ளெலிக்கு விட்டுவிடுவதாக மொட்டைவால் பேசியிருந்தது. இன்று மாலை முள்ளெலி குடிவரும். விட்டால் விட்டதுதான்.

"ஏன் துப்புறாங்கன்னு பார்த்துட்டு வந்துடறேன்," என்றது மொட்டைவால்.

"எங்க அண்ணன் எதைச் செஞ்சாலும் உனக்குச் சந்தேகம்!" என்றது பெண்டாட்டி முயல்.

அக்கரையில் நெட்டைக்காது வாசல் புல்லைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. அதன் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"என்ன மச்சான், புல்லு கசக்குதா?"

"சேச்சே! இனிக்கும்னு சொல்றாங்க."

"சொல்றாங்களா? நீ தின்னதில்லையா?"

"வாசல் புல்லை யாராவது தின்பாங்களா! எல்லா வாசலும் ஒரே உயரமா இருக்கணும். கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் பக்கத்து வீட்டுக்காரன் முறைப்பான்."

"அப்ப வயித்துக்கு?"

"மூணு மேடு தாண்டிப் போய் மேயறேன். விடியுமுன்னே போனா இருட்டித்தான் வருவேன். இன்னிக்குப் புல் கத்தரிக்கிற நாள், அதான் வீட்ல இருக்கேன்."

"குட்டிங்க வளர்ந்திருக்குமே?"

நெட்டைக்காது யோசித்தது. "படுத்திருக்கும்போது நீளமாத்தான் தெரியுதுங்க."

மொட்டைவால் ஒரு புல்லைக் கிள்ளித் தின்றது. இனிக்கத்தான் செய்தது. உடனே எட்டு வளைகளிலிருந்து எட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. எட்டும் ஒட்டிய கன்னம்.

"மானத்தை வாங்காதே, மாப்பிள்ளை!"

"நீயும் ஒரு வாய் தின்னு, மச்சான்."

நெட்டைக்காது புல்லைப் பார்த்தது. பக்கத்து வாசலைப் பார்த்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டது.

மொட்டைவால் ஓட்டமாகத் திரும்பியது. முள்ளெலி மூட்டையோடு வாசலில் நின்றது.

"கோவிச்சுக்காதேப்பா! நாங்க போகலை."

முள்ளெலி முணுமுணுத்துக்கொண்டே போனது. மொட்டைவால் மறுபடி கோரைக்கிழங்கு தோண்ட உட்கார்ந்தது. தோண்டத் தோண்டக் குட்டிகள் பிடுங்கித் தின்றன. அக்கரையில் சத்தம் மீண்டும் கேட்டது: நறுக், நறுக், தூ!

அடுத்தவர் கண்ணுக்காக வளர்க்கும் பச்சை, நம் வீட்டுப் பசியை ஆற்றாது.