ஆமைத்திட்டுக்குப் பறந்த அரிசி மூட்டை

வெகுகாலத்துக்கு முன்னே, நீர்வாயல் என்ற சின்னஞ்சிறு கடற்கரை நாட்டை விசயகுணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் மாலை போட்டவரை மத்தியானம் விரட்டுவார், சாயங்காலம் ஆளனுப்பித் தேடுவார்.

ஒருநாள் கடலிலிருந்து முழு நிலா எழும்புவதைப் பார்த்தவர், "நம் நாட்டு வாணம் ஒன்று அங்கே போகவேண்டும்!" என்றார். சபை சிரிப்பை அடக்கிக்கொண்டது. மந்திரி உலகம்மை மட்டும், "போகலாம் ராஜா. போகிறவர்களுக்குச் சோறு வேண்டாமா? முதலில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு எதிரே கடலுக்குள் இருக்கிற ஆமைத்திட்டு வரைக்கும் பறக்கட்டும்" என்றாள்.

கரையோர மணல்மேட்டில் பட்டறை எழும்பியது. கொம்பையா என்ற கைதேர்ந்த வாணக்காரன் தலைமையில் பனைமர உயரத்துக்கு இரும்பு வாணம் ஒன்று செய்தார்கள். ஊரே கூடி நிற்க, திரியில் தீ வைத்தார்கள். வாணம் சீறியது, ஓர் ஆள் உயரம் எழும்பியது, அப்படியே சாய்ந்து கடலுக்குள் போய் விழுந்தது. அரிசி முழுக்க மீன்களுக்கு.

கொம்பையா மணலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உலகம்மை பட்டுச்சேலையைப் பார்க்காமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மானம் போச்சும்மா. உங்க பேரும் என்னால கெட்டுப்போச்சு."

"என் பேர் கிடக்கட்டும். ஏன் சாய்ந்ததென்று தெரிந்ததா?"

அவன் மூக்கை உறிஞ்சினான். "அடிப்பக்கத்து இரும்புப் பட்டை ஒண்ணு விட்டுப்போச்சு."

"பிறகென்ன? நேற்று தெரியாதது இன்றைக்குத் தெரிந்திருக்கிறதே. முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்றாள்.

மறுநாள் சபையில் வடக்கே இருந்த பேரரசின் தூதர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எங்கள் வாணங்கள் மலையைத் தாண்டும். உங்களுடையது மீன் பிடிக்கப் போய்விட்டதாமே?"

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயருக்கு இதுதான் சமயம். உலகம்மை மந்திரியான நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். "வெட்கம், ராஜா! தர்மச்சத்திரத்துக் கூரை ஒழுகுகிறது. நமக்கெதற்கு நிலா?"

"ஒழுகியது உண்மைதான், ஐயா. ஓடு மாற்றியாகிவிட்டது. நேற்று நீங்கள் கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாற்றினோம்" என்றாள் உலகம்மை.

ஆனால் தூதர் முன்னால் பட்ட அவமானம் ராஜாவைச் சுட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை. தவறினால் பட்டறையை இடித்துவிடுங்கள். கொம்பையாவும் அவன் ஆட்களும் பெண்டுபிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

உலகம்மை மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டாம் தடவையே சரியாக வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

தாண்டவராயரோ குஷியாக, "இன்னும் நூறு தடவை விட்டாலும் அது எழும்பாது! சத்தியம் செய்கிறேன்" என்றார்.

உலகம்மை கைகூப்பினாள். "அப்படியானால் ஓர் உதவி செய்யுங்கள் ஐயா. மூட்டை விழவேண்டிய இடம் ஆமைத்திட்டு. அங்கே ஒரு சாட்சி வேண்டும். பந்தல் போட்டு, இளநீர் வெட்டித் தருகிறோம். நீங்கள் உட்கார்ந்திருங்கள்."

தாண்டவராயர் முகம் வெளுத்தது. "அங்கேயா? தலையில் வந்து விழுந்தால்?"

"எழும்பாது என்று சத்தியம் செய்தீர்களே! எழும்பாதது எப்படி விழும்? சரி, திட்டு வேண்டாம். வாணத்தின் பக்கத்திலேயே நாற்காலி போடுகிறோம்."

"ஐயையோ! அது கிளம்புகிற வேகத்தில் நான் கருகிப்போவேனே!"

"கிளம்புகிற வேகமா?" உலகம்மை சபையைப் பார்த்தாள். "ராஜா, கேட்டீர்களா? எங்கள் வாணத்தின் மேல் எனக்குக்கூட இவ்வளவு நம்பிக்கை இல்லை. இந்த நாட்டிலேயே அதை முழுசாக நம்புகிறவர் தாண்டவராயர் ஒருவர்தான்!"

சபை வெடித்துச் சிரித்தது. ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று உலகம்மைக்குத் தெரியும்.

"ராஜா, ஒரே தடவை என்றால் என் ஆட்களுக்குப் பயத்தில் கை நடுங்கும். சரியாகிற வரைக்கும் தவறு செய்ய அனுமதி கொடுங்கள். வேறு வெகுமதி எதுவும் வேண்டாம்."

ராஜா சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. "கொடுத்தேன். யாரும் நாட்டைவிட்டுப் போகவேண்டாம்" என்றார் மெதுவாக. "தாண்டவராயரே, அவ்வளவு நம்பிக்கையுள்ளவர் சும்மா இருக்கலாமா? இன்றிலிருந்து பட்டறைக்காரர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது உம்முடைய வேலை."

முணுமுணுத்துக்கொண்டேதான் தாண்டவராயர் முதலில் போனார். நெருப்பில் வெந்த கைகளோடு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபின் முணுமுணுப்பு குறைந்தது. பிறகு கொம்பையா கைக்கு வெண்ணெய் கொண்டுபோனார். அடுத்த வாணமும் பாதி வழியில் கடலில் விழுந்தபோது, "விடுடா தம்பி, போன தடவையைவிட எவ்வளவோ தூரம்!" என்று முதலில் சொன்னவரே அவர்தான்.

அதற்கடுத்த வாணத்தை மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் விட்டார்கள். பூமி அதிர்ந்தது. வாணம் எழும்பியது, நிமிர்ந்தது, மேகத்தைத் தொட்டு வளைந்தது. திட்டின் மணலில் மூட்டை தொப்பென்று விழுந்ததும் கரையே ஆர்ப்பரித்தது. கொம்பையா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ராஜா தன் பொன்னாடையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த தூதர், உலகம்மையின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, எங்கள் முதல் வாணம் எங்கள் சக்கரவர்த்தியின் சமையலறையில் விழுந்தது. வெளியே சொல்லவேண்டாம்."

"சொல்லமாட்டேன். அந்த வாணத்தைச் செய்தவர்கள் இன்னும் இருந்தால், எங்கள் கொம்பையா வணக்கம் சொன்னான் என்று சொல்லுங்கள்" என்றாள் அவள்.

மறுநாள் சபையில், "தாண்டவராயரே, அடுத்து நிலாதானே? உம் யோசனை என்ன?" என்று ராஜா கேட்டார். தாண்டவராயர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. முந்தின நாள் வாணத்தைப் பார்த்து "ஏறுடா ராசா, ஏறு!" என்று கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. வெட்கத்தோடு கையை மட்டும் மேலே தூக்கிக் காட்டினார்.

"இத்தனை வருஷத்தில் நீர் சொன்ன நல்ல யோசனை இதுதான்!" என்றார் ராஜா.

நிலா என்னவோ எட்டாத தூரத்தில்தான் இருந்தது. மணல்மேட்டில் அன்றைக்கே மறுபடி சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது.