நாற்பது அடுப்பும் மூன்று கணக்கெடுப்பாளர்களும்

ஆட்டுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம் என்கிற மாதிரி ஒரு மலை. அதில் கானிரோஜ் என்று ஒரு வட்டம். வட்டம் என்பது அரசாங்கம் வைத்த மரியாதைப் பெயர். இருந்ததென்னவோ நாற்பது வீடு. குர்துகள் நூற்றுப்பத்துப் பேர், அசிரியர் என்கிற கிறிஸ்தவ இனத்தார் ஆறு பேர், அவ்வளவுதான்.

கீழேயிருந்து வந்துபோன பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சமவெளிப் பேச்சு மட்டும்தான் தெரியும். மூன்று வருஷமாக அவர் சொன்னதற்கெல்லாம் பிள்ளைகள் தலையாட்டினார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஊர்த்தலைவி ஹம்ரீனின் மகளும் அப்படித் தலையாட்டிக் கழுத்து வலி கண்டவள்தான்.

குர்து மொழி தெரிந்த வாத்தியார் வேண்டும் என்று ஹம்ரீன் மனுப் போட்டாள். தலைநகரிலிருந்து பதில் வந்தது: பாதிக்கு மேல் குர்துகள் இருந்தால், குர்துகளில் நாற்பது பேருக்கு ஒரு வாத்தியார். எண்ணிப் பார்க்க ஆள் வரும்.

வந்தார்கள் மூன்று சமவெளிக்காரர்கள். ஃபக்ரி தலைவர், நூமான் எழுதுகிறவர், ஷெவ்கத் கூட்டுகிறவர். கையில் சட்டப் புத்தகம். 'ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒரு குடும்பம். ஒருவரையும் விடக்கூடாது.' இதுதான் முதல் விதி.

வாசலுக்கு வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பினால் அந்த மலையில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. முதல் வீட்டிலேயே ரொட்டியும் தயிரும் வந்தன. தின்று முடித்ததும் நூமானுக்குத் திடீரென்று வியர்த்தது.

"அண்ணே, நாமளும் இந்த அடுப்பு ரொட்டியைத்தானே தின்னோம்? அப்ப நாம யாரு?"

ஃபக்ரி புத்தகத்தைப் புரட்டினார். "இந்த வீட்டுக்காரங்கதான். மூணு பேரையும் எழுது."

"அடுத்த வீட்லயும் ரொட்டி குடுத்தா?"

"அந்த வீட்டுக்கும் நாமதான். ஊரையெல்லாம் எண்ணிட்டு நம்மள விட்டுட்டா வேலை போயிடும்ப்பா."

நாற்பது வீட்டிலும் ரொட்டி கொடுத்தார்கள். ஷெவ்கத் கூட்டிப் படித்தார்: "சமவெளிக்காரர் நூற்றிருபது. குர்துகள் நூற்றுப்பத்து. அசிரியர் ஆறு."

ஹம்ரீன் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்; குர்துகள் பாதிக்கும் கீழே. "அந்த நூத்தியிருபது பேரும் எங்கய்யா இருக்காங்க?"

"இதோ வந்திருக்கோமேம்மா," என்றார் ஃபக்ரி. மற்ற இருவரும் பணிவாக நெஞ்சில் கை வைத்தார்கள்.

"அதை அடிச்சிட்டு ஒழுங்கா எழுதுங்க!"

"எழுதினதை அடிக்கக் கூடாதும்மா. வேணும்னா சேர்க்கலாம்."

சேர்க்கலாமா? முட்டாளோடு வாதாடி மாளாது, அவன் வழியிலேயே போய்த்தான் மடக்க வேண்டும் என்று ஹம்ரீனுக்குப் பட்டது.

மறுநாள் காலை மொத்த ஊரும் கிளம்பி வீடு வீடாகப் போயிற்று. வீட்டுக்கொரு துண்டு ரொட்டி, ஆளுக்கொரு கடி. பின்னாலேயே மூவரும் எழுதிக்கொண்டு ஓடினார்கள். ஒன்பது நாள் நடந்தது இந்தக் கூத்து. பல்லில்லாத கிழவர் சீவான் நாற்பதாவது வீட்டில் ரொட்டியைப் பார்த்ததும் அழுதேவிட்டார்.

"குர்துகள் நாலாயிரத்து நானூறு!" ஷெவ்கத்துக்குக் கூட்டிக் கூட்டி விரல் வீங்கியிருந்தது.

"ஒன்பதே நாள்ல இப்படிப் பெருகிட்டாங்களே," என்று ஃபக்ரி வியந்தார். "தண்ணி அப்படி போலிருக்கு."

தலைநகரில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்த மலையை நேரில் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை. தாளில் முத்திரை இருந்தது, கணக்கு சரியாய்க் கூட்டியிருந்தது, வேறென்ன வேண்டும்?

அடுத்த மாதம் கோவேறு கழுதைகள் வரிசையாக மலையேறின. ஒரு வாத்தியார் இறங்கினார். ஹம்ரீனுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. இன்னொருவர் இறங்கினார். கண்ணீர் நின்றது. பொழுது சாய்வதற்குள் நூற்றுப்பத்து வாத்தியார்கள் இறங்கி, எங்கே பிள்ளைகள் என்று கேட்டார்கள்.

பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். தலைக்கு ஐந்து வாத்தியார் என்று பிரித்துக் கொடுத்தாள் ஹம்ரீன். ஒருவர் எழுத்தைச் சொன்னார், ஒருவர் பலகையைப் பிடித்தார், ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதினார், ஒருவர் தப்பு என்று காதைத் திருகினார். ஐந்தாமவர், தமக்கும் சம்பளம் வருகிறதே என்று, பிள்ளைக்குப் பதிலாக அழுதார்.