எந்தச் சட்டை யாருக்கு

பெண்கள் கால்பந்து லீகில் தலைவர் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். பெரிய அணியின் முதலாளியும் அவரேதான். இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், அதில் தன் அணியை எதிர்த்து ஆடவிருந்த காசிமேட்டு அணியின் கேப்டன் ரெஜினாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெனால்டியில ஜெயிக்கிறது வெறும் அதிர்ஷ்டம்மா. நியாயம் வேணாமா? இனிமே ஆட்டம் டிரா ஆனா, ரசிகர் கூட்டம் அதிகமா இருக்கிற டீமுக்குத்தான் கப்பு. இதைவிட நியாயமா ஒண்ணு தெரிஞ்சா சொல்லு. இல்லன்னா கையெழுத்துப் போடு."

ஊரே அவர் அணிக்குத்தான் கத்தும். ரெஜினா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போடறேன் சார். ஆனா எங்க தெருவுல டீம் பிரிக்கிறது ஒருத்தர்னா, எந்த டீம் வேணும்னு எடுக்கிறது எதிராளி. அதனால பிரிக்கிறவங்க ஓரவஞ்சனை பண்ண முடியாது. விதியை நீங்க போட்டுட்டீங்க. சட்டையை நான் எடுத்துக்கறேன். நாளைக்கு நாங்க உங்க சட்டையில இறங்கறோம், உங்க பொண்ணுங்க எங்க சட்டையில இறங்கட்டும். கூட்டம் சட்டையைப் பார்த்துத்தானே கத்துது?"

"அதெப்படி? டிரா ஆனா நாங்க தோத்துடுவோமே" என்றார் தணிகாசலம், யோசிக்காமல்.

ரெஜினா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"வரேன் சார். பெனால்டி அடிச்சுப் பழகணும்."